ரெய்டு கார்டா, இசட்எஃப்எஸ்ஸா? செட்டிநாட்டு வீடொன்றில் சர்வர் டிஸ்க்குகளை அடுக்கிய கணக்கு

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. முன்பகுதியை விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். குடும்பத்துக்குக் காரைக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையும் உண்டு. இரண்டுக்குமான கணக்கு, அறை முன்பதிவு, கேமரா பதிவு எல்லாம் மூன்று பழைய கம்ப்யூட்டர்களில் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒரே சர்வரில் மெய்நிகர் கணினிகளாக, அதாவது விஎம்களாக மாற்றித் தரும் வேலை என்னிடம் வந்தது. சர்வரை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். 8 டிஸ்க் செருகக்கூடிய டவர், 64 ஜிபி ராம், கூடவே பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் ஒரு ரெய்டு கார்டு, 4 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு. அந்தக் கார்டையே நம்புவதா, அதே வேலையை மென்பொருளில் செய்யும் இசட்எஃப்எஸ்ஸிடம் விடுவதா என்பதுதான் கேள்வி.

வளவை ஒட்டிய அறை ஒன்றில் அதை வைத்தோம். சுண்ணாம்புக் காரைச் சுவர் நல்ல தடிமன். சித்திரை வெயிலிலும் அந்த அறை குளுகுளுவென்றுதான் இருக்கும். தரை ஆத்தங்குடிக் கல். தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்பார்கள் என்பதால் சர்வரைத் தரையில் வைக்காமல் ஒரு மர பெஞ்சின் மேல் ஏற்றினோம். வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி கேட்டார்: "தம்பி, இதுல ஒரு டிஸ்க் போச்சுன்னா நீங்க வர்ற வரைக்கும் என்ன ஆகும்? நீங்க ஊர்ல இல்லாட்டி யாரு மாத்துவா?"

நான் அதுவரை வேகத்தையும் கொள்ளளவையும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆச்சியின் கேள்வி அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டது. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் அலுவலகத்துக்கு, போன் செய்தால் சில மணி நேரத்தில் உதிரிபாகத்தோடு ஆள் வருவார். நாம் திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிறோம். இரண்டுமே காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சாதாரண சாட்டா டிஸ்க் காரைக்குடிக் கடையிலேயே கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட மாடல் ரெய்டு கார்டு வேண்டுமென்றால் சென்னையில் தேடி வாங்கி, பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் இங்கே ஒவ்வொரு தேர்வையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்த்தேன்: ராத்திரி 9 மணிக்கு ஒன்று பழுதானால், வீட்டில் இருப்பவர்கள், ஊரில் கிடைக்கும் பொருளை வைத்து, மறுநாள் கடை திறப்பதற்குள் சமாளிக்க முடியுமா?

முதல் கேள்வி: டிஸ்க்குகளை யார் ஆள்வது?

ரெய்டு கார்டு வழி பழகிய வழி. நான்கு டிஸ்க்கையும் கார்டு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மேலே ஓடும் மென்பொருளுக்கு ஒரே பெரிய டிஸ்க் இருப்பதாகக் காட்டும். இதில் ஒரு பெரிய நல்லது இருக்கிறது. ஒரு டிஸ்க் போனால் அந்தத் தட்டில் சிவப்பு விளக்கு எரியும். அதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், மிச்சத்தைப் பெரும்பாலான கார்டுகள் தாமாகவே பார்த்துக்கொள்ளும். கட்டளை எதுவும் தட்ட வேண்டாம். ஆச்சியின் கேள்விக்கு நேராகப் பார்த்தால் இதுதான் சரியான பதில் போலத் தெரியும்.

விஎம்களை ஓட்டும் மென்பொருளாக விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ போடுவதாக இருந்தால் வேறு வழியும் அதிகம் இல்லை. அதில் உள்ளூர் டிஸ்க்குகளுக்கென்று மென்பொருள் ரெய்டு கிடையாது. ஒற்றைச் சர்வரில் டிஸ்க் பழுதைத் தாங்க வேண்டுமென்றால் கார்டு வேண்டும். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கிய பிறகு, 2024 தொடக்கத்தில் இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி கொடுத்தார்கள். ஒரு சின்ன வியாபாரம் அந்த ஏற்ற இறக்கத்தின் மேல் உட்கார வேண்டாம் என்று நினைத்தேன். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி போட்டிருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் நான்கு விஎம்களில் ஒன்றுதான் விண்டோஸ். அதனால் டெபியன் லினக்ஸின் மேல் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்று முடிவு செய்தேன். அதன் இன்ஸ்டாலரிலேயே இசட்எஃப்எஸ் வந்துவிடுகிறது.

ரெய்டு கார்டை நான் விட்டதற்கு முதல் காரணம் அதன் பேட்டரி. கார்டில் ஒரு நினைவகம் உண்டு. விஎம் எழுதச் சொன்னதை முதலில் அதில் வாங்கிக்கொண்டு "எழுதியாயிற்று" என்று உடனே சொல்லிவிடும், பிறகு நிதானமாக டிஸ்க்கில் எழுதும். கரண்ட் போனால் அந்த நினைவகத்தில் இருப்பது அழியாமல் காப்பது ஒரு சின்ன பேட்டரி. புதிய கார்டுகளில் அதற்குப் பதில் கெப்பாசிட்டரும் ஃபிளாஷும் இருக்கும். பேட்டரி செத்தால் பெரும்பாலான கார்டுகள் பாதுகாப்புக்காக அந்த வேகமான வழியை மூடிவிடும். ஒவ்வொரு எழுத்தும் நேராக டிஸ்க்குக்குப் போய் வர வேண்டும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. சில வருடம் முன்பு வேறொரு வாடிக்கையாளர் இடத்தில், ஒரு திங்கட்கிழமை முதல் டேலி நகரவே மாட்டேன் என்றது. ஒரு வவுச்சர் சேமிக்க எண்ணி இருபது முப்பது விநாடி. ஸ்விட்சை மாற்றினேன், ஆன்ட்டிவைரஸை நிறுத்தினேன், விண்டோஸைப் பழித்தேன். மூன்றாம் நாள்தான் கார்டின் நிலையைப் பார்த்தேன். பேட்டரி தோல்வி என்று ஒரு வரி. சனிக்கிழமையிலிருந்தே அப்படி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. மாற்றுப் பேட்டரி வந்துசேர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பில் போட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

இரண்டாவது, கார்டே செத்தால் என்ன செய்வது? டிஸ்க்குகளில் எதை எங்கே பிரித்து எழுதியிருக்கிறது என்பது அந்தக் கார்டு குடும்பத்துக்கு மட்டும் புரிகிற பாஷை. அதே குடும்பத்துக் கார்டு கிடைத்தால், டிஸ்க்கில் இருக்கும் பழைய அமைப்பைப் படித்து எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் நான்கு டிஸ்க்கும் நன்றாகவே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் எளிதில் வெளியே வராது. கூடுதலாக ஒரு கார்டை வாங்கி அலமாரியில் வைப்பது ஒரு தீர்வு. வைக்கலாம், அதற்கான பணத்தில் இரண்டு டிஸ்க் வாங்கலாம்.

இனி இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் உருவாகி 2005-இல் ஓப்பன்சோலாரிஸ் வழியாக வெளியே வந்தது. இன்று ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடுகிறது. டிஸ்க்குகளை ஆள்வதும் கோப்புகளை ஆள்வதும் இதில் ஒரே ஆள். கணக்கப்பிள்ளை அண்ணனுக்கு நான் இப்படித்தான் விளக்கினேன்: பேரேட்டில் தப்பாக விழுந்த பதிவை அழித்து அதே இடத்தில் எழுத மாட்டீர்கள் அல்லவா, இதுவும் அப்படித்தான். பழைய தகவலின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டு, கடைசியில்தான் சுட்டியை மாற்றும். நடுவில் கரண்ட் போனால் பழைய பதிவு அப்படியே நிற்கும், பாதி பழசு பாதி புதுசு என்ற நிலை வராது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து வைக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால், அதே தகவலை எழுதி வைத்திருக்கும் ஜோடி டிஸ்க்கிலிருந்து சரியான பிரதியை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடும். ரெய்டு கார்டும் படிக்க முடியாத செக்டாரைக் கண்டுபிடிக்கும். ஆனால் டிஸ்க் ஒரு தப்பான தகவலைச் சத்தமில்லாமல் "இதுதான்" என்று கொடுத்தால், இரண்டு பிரதியில் எது உண்மை என்று சாதாரணக் கார்டுக்குத் தெரியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. இந்த டிஸ்க்குகளைக் கழற்றி எந்தக் கம்ப்யூட்டரில் சாட்டா கேபிளில் செருகினாலும், ஓப்பன்இசட்எஃப்எஸ் உள்ள லினக்ஸ் இருந்தால் ஒரே கட்டளையில் திறந்துவிடலாம். மதர்போர்டு போனால் அதே மதர்போர்டைத் தேடி அலைய வேண்டாம். காரைக்குடியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் டெஸ்க்டாப் போதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ராம் தின்னும். லினக்ஸில் இசட்எஃப்எஸ் தன் கேஷுக்காக வெகுகாலம் இருக்கிற ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு வைக்கிறார்கள். 64 ஜிபிக்கு அது 6 ஜிபி சொச்சம். இந்த வீட்டுக்கு நான் 12 ஜிபி என்று கையால் வைத்தேன். 16 ஜிபி ராம் மட்டுமே உள்ள பழைய கம்ப்யூட்டரில் நான்கு விஎம் ஓட்டப் போகிறவர்களுக்கு இது கையைக் கடிக்கும். அவர்கள் லினக்ஸிலேயே உள்ள எல்விஎம்-தின் என்ற எளிய முறையின் பக்கம் போவது நல்லது.

அடுத்தது, ரெய்டு கார்டு கொடுக்கும் ஒற்றை டிஸ்க்கின் மேல் இசட்எஃப்எஸ் போடக் கூடாது. இரண்டு முதலாளிகள் ஒரே கல்லாவில் உட்கார்ந்தது போல ஆகிவிடும். தவறு நடந்தால் திருத்துவதற்கு இசட்எஃப்எஸ் கையில் இன்னொரு பிரதி இருக்காது. கார்டை எச்பிஏ முறைக்கு, அதாவது டிஸ்க்குகளை அப்படியே நேராகக் காட்டும் முறைக்கு மாற்ற வேண்டும். சில கார்டுகளில் பயாஸில் ஒரு தேர்வு மட்டுமே. சிலவற்றில் ஃபர்ம்வேரையே மாற்ற வேண்டும். சிலவற்றில் முடியவே முடியாது. இங்கே முதல் வகை, ஒரு ரீபூட்டில் முடிந்தது. கார்டிலேயே ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒற்றை டிஸ்க் தொகுப்பாக, அதாவது தனித்தனி ரெய்டு-0 ஆக்கிக் கொடுத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அடுத்த முறை டிஸ்க் மாற்றும்போது மறுபடி கார்டின் காலில் விழ வேண்டும்.

மூன்றாவது குறைதான் ஆச்சியின் கேள்வி. டிஸ்க் போனால், புதியதைச் செருகியபின் கட்டளை தட்ட வேண்டும். அதற்கு நான் கண்ட வழி ஐந்தாவது டிஸ்க். அதைச் செருகி, உதிரி என்று சொல்லி வைத்துவிட்டால், ஒன்று செத்ததும் அந்த உதிரி தானாக அதன் இடத்தில் உட்கார்ந்து நகலெடுக்கத் தொடங்கும். ராத்திரியில் யாரும் எதையும் தொட வேண்டாம். செத்ததைக் கழற்றுவது, புதிய உதிரி போடுவது எல்லாம் நான் ஊருக்கு வந்தபின் நிதானமாகச் செய்துகொள்ளலாம். பேட்டரி, கூடுதல் கார்டு என்று போகிற செலவுக்கு ஒரு உதிரி டிஸ்க் மலிவு.

12 டிபியா, 8 டிபியா?

ஆச்சியின் மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் கேட்டார்: "அண்ணே, நாலு டிஸ்க்ல ரெய்டு-5 போட்டா 12 டிபி வருமே, நீங்க ஏன் 8 டிபிதான்னு சொல்றீங்க?" நியாயமான கேள்வி. ரெய்டு-5, அல்லது இசட்எஃப்எஸ் பாஷையில் ரெய்டு-இசட்1, நான்கில் ஒரு டிஸ்க் அளவை மட்டும் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்ளும். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் பாதி போய்விடும்.

அவருக்கு மூன்று கணக்குச் சொன்னேன். முதலாவது, மீட்பு நேரம். 4 டிபி டிஸ்க்கை ஒரு விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒரே மூச்சில் எழுதினாலே ஏழரை மணி நேரம். விஎம்கள் ஓடிக்கொண்டே இருந்தால் அது ஒரு நாளையும் தாண்டும். ரெய்டு-5 கார்டில் அந்த நேரம் முழுக்க மற்ற மூன்று டிஸ்க்கும் முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை படிக்கப்பட வேண்டும். அதாவது 12 டிபி. சாதாரண டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபி. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆனால் நான்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை. வயதும் ஒன்று, ஓடிய மணியும் ஒன்று. ஒருமுறை என் கையிலேயே, மீட்பு 60 சதவீதம் போனபோது இரண்டாவது டிஸ்க்கும் விழுந்திருக்கிறது. அரைக்கிணறு தாண்டிய கதை. முந்தின வெள்ளிக்கிழமை பேக்கப்பிலிருந்து எடுத்து, ஐந்து நாள் பில்களை மூன்று பேர் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். ஜோடி முறையில் மீட்பு என்பது ஒரே ஒரு டிஸ்க்கைப் படித்து இன்னொன்றில் எழுதுவது. அதிலும் இசட்எஃப்எஸ் தகவல் இருக்கும் இடத்தை மட்டும் நகலெடுக்கும்.

இரண்டாவது, வேகம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும் வேலைகளில் விநாடிக்கு எண்பது நூறுதான் முடிக்கும். ரெய்டு-இசட்1 தொகுப்பு எத்தனை டிஸ்க் இருந்தாலும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒரே டிஸ்க்கின் வேகம்தான். இரண்டு ஜோடி என்றால் எழுத இரண்டு மடங்கு, படிக்க நான்கு மடங்கு வரை கிடைக்கும். விஎம்கள் கேட்பதெல்லாம் இந்த அங்கொன்று இங்கொன்று வேலைதான்.

மூன்றாவது கணக்கைக் கேட்டதும் அவர் ஒப்புக்கொண்டார். விஎம்களின் டிஸ்க்கை இசட்எஃப்எஸ் சின்னச் சின்னத் துண்டுகளாக வைக்கிறது. துண்டு 8 கேபி என்று வையுங்கள். 4 கேபி செக்டாரில் அது இரண்டு தகவல் செக்டார், ஒரு பாதுகாப்பு செக்டார், ஆக மூன்று. ரெய்டு-இசட்1 இரட்டைப்படையாகத்தான் இடம் ஒதுக்கும் என்பதால் நான்காவதையும் சும்மா ஒதுக்கிவிடும். நான்கில் இரண்டுதான் தகவல். ஜோடி போட்டாலும் இதே பாதிதான்! இப்போது வழக்கமான அளவு 16 கேபி ஆகிவிட்டது, அப்போது நான்கு தகவலுக்கு இரண்டு பாதுகாப்பு, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் விஎம்களுக்கு அவர் நினைத்த முக்கால் பங்கு வராது. பெரிய கோப்புகளை மட்டும் போட்டு வைக்கிற இடத்துக்கு ரெய்டு-இசட் நல்லது. நாலைந்து விஎம் ஓடும் இடத்துக்கு ஜோடிதான்.

விஎம்கள் உட்காரும் இடம்

விண்டோஸையும் டேலியையும் சுற்றும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பில் போடும்போது காத்திருக்க வேண்டியதுதான். அதனால் எஸ்எஸ்டி ஒரு ஜோடி வேண்டும் என்றேன். வேகமான புது வகை என்விஎம்இயா, பழகிய சாட்டாவா என்பதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. பிசிஐஇ 3.0 என்விஎம்இ விநாடிக்கு 3500 எம்பி வரை போகும், சாட்டா 550 எம்பியோடு நின்றுவிடும், உண்மை. ஆனால் எம்.2 வகை என்விஎம்இயை மாற்ற சர்வரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, சின்ன ஸ்க்ரூவைத் தேட வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி முன்பக்கத் தட்டில் உட்காரும், ஓடும்போதே உருவலாம். கணக்கப்பிள்ளை அண்ணன் கையால் செய்யக்கூடியது எது என்று பார்த்தால் விடை தானாக வந்துவிடுகிறது.

எஸ்எஸ்டியில் வேகத்தைவிட முக்கியமான ஒரு பொருத்தம், கரண்ட் போகும்போது கையில் இருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் உள்ளே இருக்கிறதா என்பது. டேட்டா சென்டர் வகையில் இருக்கும், கடையில் கிடைக்கும் லேப்டாப் வகையில் பெரும்பாலும் இருக்காது. இது பாதுகாப்புக்கு மட்டும் அல்ல. கணக்கு மென்பொருளும் டேட்டாபேஸும் "எழுதி முடித்துவிட்டேன் என்று உறுதி சொல்" என்று அடிக்கடி கேட்கும். கெப்பாசிட்டர் உள்ளது உடனே உறுதி சொல்லும். இல்லாதது ஒவ்வொரு முறையும் உள்ளே முழுக்க எழுதிவிட்டுத்தான் சொல்லும். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் சின்னப் பங்குகூட அப்போது வராது, தேய்மானமும் கூடும். 960 ஜிபி டேட்டா சென்டர் வகை சாட்டா எஸ்எஸ்டி இரண்டு வாங்கினோம். பழையதாக வாங்குகிறவர்கள், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் தேய்மானச் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

டிஸ்க்குகளைச் சர்வரில் வைக்காமல் தனி நாஸ், அதாவது நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி, வாங்கி நெட்வொர்க்கில் இணைக்கலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. ஒரு ஜிகாபிட் லைனில் விநாடிக்கு 110 எம்பி சொச்சம்தான் போகும். அதைவிட, நடுவில் இருக்கும் ஸ்விட்சின் அடாப்டர் ஒன்று போனால் எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் உறைந்து நிற்கும். இரண்டு மூன்று சர்வர்கள் ஒரே சேமிப்பகத்தைப் பகிர வேண்டிய இடத்துக்கு அது பொருந்தும். இங்கே நாஸை பேக்கப்புக்கு மட்டும் வைத்தேன், வீட்டின் மறு கோடியில், வேறு மின்கோட்டில்.

விஎம்முக்குள் டிஸ்க் எப்படித் தெரிய வேண்டும்?

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. விஎம்முக்கு டிஸ்க் கொடுக்கும்போது அது எந்தக் கன்ட்ரோலரில் மாட்டியிருப்பதாகக் காட்டுவது என்று ஒரு தேர்வு வரும். ஐடிஇ, சாட்டா என்பவை பழைய வன்பொருளை அப்படியே நடித்துக் காட்டுபவை. எந்த விண்டோஸும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் அந்த நடிப்புக்கே ப்ராசஸர் செலவாகும். விர்ட்ஐஓ என்பது விஎம் என்று தெரிந்தே பேசும் கன்ட்ரோலர். லினக்ஸ் விஎம்களுக்கு யோசிக்காமல் "விர்ட்ஐஓ ஸ்கசி சிங்கிள்" போட்டு, ஐஓ த்ரெட், டிஸ்கார்ட் இரண்டையும் டிக் செய்துவிடுங்கள். டிஸ்கார்ட் இல்லாவிட்டால் விஎம்முக்குள் அழித்த கோப்பின் இடம் வெளியே திரும்பி வராது. கேஷ் தேர்வை "நோ கேஷ்" என்றே விடுங்கள். "அன்சேஃப்" என்பது பெயருக்கு ஏற்றபடி உறுதிக் கோரிக்கைகளையே காதில் வாங்காது, கணக்கு இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

விண்டோஸில்தான் சூட்சுமம். புதிதாக நிறுவினால் "டிஸ்க் எதுவும் இல்லை" என்று நிற்கும். விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக இணைத்துக் கொடுத்தால் போதும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விண்டோஸைக் கொண்டுவந்தால் கவனம் வேண்டும். நேராக விர்ட்ஐஓவில் மாட்டினால் பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நீலத் திரை வரும். நான் செய்தது இப்படி: பூட் டிஸ்க்கை முதலில் சாட்டாவாகவே மாட்டி ஏற்றினேன். கூடவே 1 ஜிபியில் ஒரு வெற்று டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கசியில் சேர்த்தேன். விண்டோஸ் உள்ளே அந்த வெற்று டிஸ்க்குக்காக டிரைவரை நிறுவினேன். அது தெரிந்ததும் விஎம்மை நிறுத்தி, பூட் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றி, பூட் வரிசையிலும் அதைச் சொல்லி, வெற்று டிஸ்க்கை நீக்கினேன். முதல் முயற்சியிலேயே ஏறியது. இந்த வெற்று டிஸ்க் வழி தெரியாமல் விண்டோஸை முழுதாகத் திரும்ப நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேமரா பதிவு தனி விவகாரம். 12 கேமரா, இரவும் பகலும் நிற்காமல் எழுதும். அதைக் கணக்கு இருக்கும் தொகுப்பில் சேர்த்தால் டேலியின் ஒவ்வொரு எழுத்தும் அந்த வெள்ளத்தில் வழி கேட்டு நிற்க வேண்டும். அதற்கென்று கண்காணிப்பு வகை டிஸ்க் ஒன்றை எட்டாவது தட்டில் போட்டு, முழு டிஸ்க்கையும் அந்த விஎம்முக்கே நேராகக் கொடுத்துவிட்டேன். ஜோடி கிடையாது, பேக்கப்பும் கிடையாது. அந்த டிஸ்க்குக்கு எதிரே உள்ள பேக்கப் டிக்கை எடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தினமும் டிபி கணக்கில் கேமரா படம் நாஸுக்குப் போகும். டிஸ்க்கைக் கொடுக்கும்போது லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரில் கொடுக்காமல் சீரியல் எண் உள்ள பெயரில் கொடுங்கள். அந்த எழுத்துகள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறக்கூடியவை. ஒருநாள் அந்த விஎம் கணக்கு டிஸ்க்கைத் தன்னுடையது என்று நினைத்து ஃபார்மட் செய்தால் முதலுக்கே மோசம்.

கன்ட்ரோலர் கார்டையே முழுதாக ஒரு விஎம்முக்குக் கொடுக்கும் பாஸ்த்ரூ வழியும் உண்டு. விஎம்முக்குள்ளேயே நாஸ் மென்பொருள் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. நமக்குத் தேவைப்படவில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, முழு அளவையும் முதலிலேயே ஒதுக்குவதா, எழுத எழுத எடுத்துக்கொள்வதா என்றால் இரண்டாவது வசதி. ஆனால் எல்லா விஎம்முக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்த இடம், கையில் இருப்பதைத் தாண்டக் கூடாது. தொகுப்பு 80 சதவீதம் நிரம்பினால் எனக்கு மெயில் வரும்படி வைத்திருக்கிறேன்.

கரண்ட்டும் பேக்கப்பும்

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை வரும் நாள் நமக்கு வழக்கம். ஐப்பசியில் இடி மின்னல் வேறு. யுபிஎஸ்ஸில் 20 நிமிடம் தாங்கும். அதற்குள் விஎம்களை ஒழுங்காக நிறுத்தும்படி யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளைச் சர்வரில் இணைத்து அமைத்தேன். கேபிள் பெட்டியிலேயே வரும், பல இடங்களில் அதைப் பிரிக்காமலே வைத்திருப்பார்கள்.

ஜோடி டிஸ்க் பேக்கப் ஆகாது. தப்பாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். தினமும் இரவு நாஸுக்கு ஒரு பிரதி. வாரம் ஒருமுறை இரண்டு யுஎஸ்பி டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி ஒரு பிரதி, அதில் ஒன்று எப்போதும் காரைக்குடிக் கடையின் இரும்புப் பெட்டியில். ப்ராக்ஸ்மாக்ஸில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். விஎம்களின் டிஸ்க் தொகுப்பில் இருந்தாலும், எந்த விஎம்முக்கு எத்தனை ராம், எந்த டிஸ்க் என்ற அமைப்பு விவரம் சிஸ்டம் டிஸ்க்கில் ஒரு சின்ன டேட்டாபேஸில் இருக்கிறது. தொகுப்பை மட்டும் வேறு மெஷினில் திறந்தால் டிஸ்க் தெரியும், விஎம் தெரியாது. அந்த விவரத்தையும் தினமும் நாஸுக்கு நகலெடுக்கிறேன், ஒரு பிரதியை அச்செடுத்தும் வைத்தேன்.

கடைசியில் அமைந்தது இது: முதல் இரண்டு தட்டில் எஸ்எஸ்டி ஜோடி, அதில் சிஸ்டமும் விஎம்களும். 3 முதல் 6 வரை 4 டிபி டிஸ்க், இரண்டு ஜோடி, அதில் கோப்புகளும் ஸ்கேன் செய்த பழைய பத்திரங்களும் கணக்குப் புத்தகங்களும். ஏழாவதில் உதிரி. எட்டாவதில் கேமரா. புதிதாக வாங்கிய உதிரியை, வாங்கிய நாள் வேறாக இருக்கட்டும் என்று, பழைய நான்கில் ஒன்றோடு மாற்றி ஜோடியில் போட்டேன்.

ஒவ்வொரு தட்டின் முகத்திலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தை எழுதி ஒட்டினேன். திரையில் தெரியும் எண்ணும் இந்த ஒட்டிய எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் உருவ வேண்டும் என்று கணக்கப்பிள்ளை அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு நீள நோட்டு எடுத்துவந்து, தட்டு எண், சீரியல், வாங்கிய தேதி, வாரன்டி முடியும் தேதி என்று கோடு போட்டுத் தன் கையெழுத்தில் எழுதி, பெஞ்சின் காலில் நூல் கட்டித் தொங்கவிட்டார்.

ஒப்படைக்கும் அன்று, ஆச்சி முன்னால் ஒரு சோதனை வைத்தோம். டேலியில் இரண்டு பேர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே, நோட்டைப் பார்த்து நான்காம் தட்டை உருவச் சொன்னேன். அண்ணன் இரண்டு தடவை எண்ணைச் சரிபார்த்துவிட்டு இழுத்தார். பில் நிற்கவில்லை. என் போனுக்கு மெயில் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஏழாவது தட்டின் விளக்கு விடாமல் மின்னத் தொடங்கியது. அதுவரை ஒரு டிபி கூட நிரம்பவில்லை என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் நகல் முடிந்தது. ஆச்சி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீங்க வரவே வேண்டாமா?" என்றார். "இன்னைக்கு ராத்திரிக்கு வேண்டாம் ஆச்சி, புது டிஸ்க்கோட மறுநாள் வருவேன்" என்றேன். அண்ணன் நோட்டில் அன்றைய தேதி போட்டு, உருவிய நேரமும் நகல் முடிந்த நேரமும் எழுதிக்கொண்டார்.